நஜ்முன்னிசாவின் வலது கை

ரிக்ஷாவில் யாரும் உட்காரவில்லை. அதை இழுத்துக்கொண்டு ஓடியவன் ரிக்ஷாக்காரனும் இல்லை.

கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக, இரண்டு தண்டுகளையும் அக்குளில் இடுக்கியபடி மலாக்காவின் காஜா பெராங் சாலையில் பறந்துகொண்டிருந்தவன் யூனுஸ். ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை வைத்திருப்பவன். ஏலக்காய் மூட்டையை விடக் கனமான எதையும் அவன் தன் வாழ்நாளில் இழுத்ததில்லை. வெறும் வண்டி அவன் பின்னால் குதித்துக் குதித்து வந்தது. அதற்கும் பின்னால், பாதி குடித்த காப்பிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வண்டிக்காரச் சீனன் ஆ ஹோக் ஓடி வந்தான்.

"தவுக்கே! அது என் லஞ்சா!" என்று அந்தக் கடை முதலாளியைப் பார்த்து அவன் சந்தை மலாயில் கூவினான்.

"தெரியும்!"

"இழுக்கிறது நீ. அப்ப ஏறி உட்காரப் போறது யாரு?"

யூனுஸுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. அது போகட்டும். வீட்டில் அவன் மகள் சபூராவுக்கு மூச்சில்லை. பிறந்து ஐந்தே மாதமான சபூராவுக்கு!

கடைக்குக் கிளம்பி வாசற்படியில் நின்று ஒரு செருப்பை மாட்டியிருந்தான். இன்னொன்றுக்குக் காலை நீட்டும்போதுதான் உள்ளறையிலிருந்து அவன் மனைவி நஜ்முன்னிசாவின் அலறல் கேட்டது. ஓடிப் போய்த் தலையை நீட்டினான். குழந்தையின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சத்தம் வராத அந்த வாயைப் பார்த்த மாத்திரத்தில் யூனுஸின் மூளை அவனை விட்டுவிட்டுத் தனியாக எங்கோ போய்விட்டது. "ஆஸ்பத்திரி! வண்டி!" என்று அவனே கத்தினான், கத்தின உத்தரவுக்கு அவனே ஓடினான்.

முனையிலிருந்த காப்பிக்கடையில் இங்கிலாந்து ராஜாவின் வெள்ளிவிழாவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வெளுத்துப் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஆ ஹோக் பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பியை ஊதிக்கொண்டிருந்தான். அவன் ஊதி முடிக்கும்வரை காத்திருக்க யூனுஸால் முடியவில்லை.

இதோ, வீடு வந்துவிட்டது. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக, இடுப்பளவு உயரக் கட்டைக் கால்களின் மேல் நிற்கும் வாடகை வீடு. யூனுஸ் வாசலில் வண்டியை நிறுத்தினான். காதைக் கூர்மையாக்கினான்.

உள்ளே சத்தமில்லை.

ஒரு பொட்டுச் சத்தமில்லை. தண்டுகள் கையை விட்டு நழுவின.

அப்போது கேட்டது பாருங்கள், ஒரு அழுகை! ஊரைக் கூட்டும் அழுகை, ஆத்திரம் பொங்கும் அழுகை, "என்னை என்ன செய்தீர்கள்?" என்று வீட்டார் அனைவரையும் விசாரிக்கிற அழுகை. யூனுஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. வந்து சேர்ந்த ஆ ஹோக், அடிக்கத் தூக்கிய கையை இறக்கி, தவுக்கேயின் முகத்தைக் குனிந்து பார்த்தான். சிரிக்கிற முகத்தில் கண்ணீர் தாடிவரை வழிந்துகொண்டிருந்தது.

"பைத்தியமா?" என்று கேட்டான் ஆ ஹோக்.

"புள்ள அழுவுது ஆ ஹோக்! கேக்குதா? என் புள்ள அழுவுது!"

"எல்லாப் புள்ளையும்தான் அழுவுது," என்றான் ஆ ஹோக். ஆனாலும் கோப்பையில் மீதியிருந்த காப்பியை யூனுஸிடம் நீட்டினான்.

யூனுஸ் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் யாருக்கும் சுய நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. அவனுடைய அக்கா, லாத்தா என்று அவன் கூப்பிடும் ரோஷன் பீவி, பனையோலை விசிறியால் மும்முரமாக விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அல்ல, சுவர்க் கடிகாரத்துக்கு. நஜ்முன்னிசாவின் தம்பி ஷரீஃபுதீன், யூனுஸின் கடையில் கூடமாட நிற்கிற இளைஞன், ஒரு கெண்டித் தண்ணீரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். யாருக்கு, எதற்கு என்று அவனுக்கே தெரியாது. அடுத்த வீட்டு மலாக்காச் செட்டிச் சமூகத்துப் பெண்மணி தனலட்சுமி, எல்லாருக்கும் மாக் தனம், நெற்றியில் திருநீறும் உடம்பில் மலாய்க் கெபாயாச் சட்டையுமாக, தெரிந்த சாமிகளை எல்லாம் மலாயில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் பல தலைமுறையாக மலாய்தான் பேச்சு, சாமிகளும் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

நடுவில் நஜ்முன்னிசா நின்றாள். தலைமுக்காடு தோளில் கிடந்தது. இடது தோளில் சபூரா, இப்போது ரோஜா நிறத்தில், விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். நஜ்முன்னிசாவின் வலது கை இறுக மூடியிருந்தது. மூடிய கையை நெஞ்சோடு அழுத்தி வைத்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"நஜ்மா புள்ளையக் குப்புறக் கவிழ்த்தா," என்று ரோஷன் பீவி கடிகாரத்திடம் சொன்னாள். "முதுகுல நாலு போடு போட்டா. யா அல்லாஹ், எனக்கு ஈரக்குலையே அறுந்து போச்சு."

மாக் தனம்தான் முதலில் அந்தக் கையைக் கவனித்தாள்.

"அடோய், நஜ்மா! வாயிலேர்ந்து என்ன வந்துச்சு? கையிலயா வச்சிருக்கே?"

நஜ்முன்னிசா மாக் தனத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அந்த மூடிய கையில் போய் ஒட்டிக்கொண்டன. விசிறி நின்றது. கெண்டி ஆடியது. யூனுஸின் சிரிப்பும் நின்றது.

ஏனென்றால் அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பாதி கச்சாங். வறுத்த, தோல் நீக்கிய, பாதி வேர்க்கடலை.

காலையில் பாயில் உட்கார்ந்து கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் படுத்திருந்த சபூரா அவன் கை போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டினாள். பொட்டலத்துக்குப் போனால் பொட்டலத்துக்கு, வாய்க்குப் போனால் வாய்க்கு. அப்புறம் உதட்டைச் சப்பினாள். கெம்புனான்!

மலாக்காவில் பிறந்தவன் முஸ்லிமோ இந்துவோ சீனனோ, புலிக்குப் பயப்படாதவன்கூட கெம்புனானுக்குப் பயப்படுவான். ஒரு பண்டத்தின் மேல் ஆசை விழுந்து, அதைத் துளியாவது தொட்டு வாயில் வைக்காமல் போனவனுக்கு அன்றைக்கே ஏதாவது நேர்ந்துவிடும். பாம்பு கடிக்கும், தென்னை மட்டை தலை பார்த்து விழும், படகு கவிழும். பெரியவர்கள் என்றால் அவசரத்துக்கு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஐந்து மாதக் குழந்தை என்ன செய்யும்? சுற்றியிருப்பவர்கள்தான் அதன் உதட்டில் கொஞ்சம் தடவிவிட வேண்டும்.

ஆனால் நஜ்முன்னிசா கூடாது என்றிருந்தாள். குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாளாம், ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று. திரும்பி வந்த அன்றே வீட்டாரையும் அடுத்த வீட்டாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவர் வாயாலும் "சரி" சொல்ல வைத்தாள். யூனுஸும் சொன்னான். சொன்னவன்தான் இன்று காலை, யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பாதி கடலையை மகளின் உதட்டில் தேய்த்தான். தேய்க்கும்போது கடலை விரலிலிருந்து வழுக்கியது. எங்கே போனது? பாயைத் தடவினான், தலையணையைப் புரட்டினான், குழந்தையின் சட்டைக்குள் பார்த்தான். இல்லை. தரைப் பலகை இடுக்கில் விழுந்திருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்துவிட்டான்.

இடுக்கில் விழவில்லை போலிருக்கிறது.

"நான் நகக்கண்ணு அளவுதான் வச்சேன்!"

யூனுஸ் துள்ளி விழுந்தான். தன் வாய் தன்னை மீறிப் பேசிவிட்டதோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தான். இல்லை. பேசியது லாத்தா.

"வட்டலப்பம், நஜ்மா," என்று ரோஷன் பீவி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "நேத்து ராத்திரி. புள்ள என் தட்டையே பாத்துச்சு. கெம்புனான் ஆயிடுமேன்னு உதட்டுல லேசா... அதுல தேங்காத் துணுக்கு கிடந்துச்சோ என்னவோ. அதுதானா அது?"

நஜ்முன்னிசா நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் மூடிய கையைப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"வட்டலப்பம் இல்ல."

ரோஷன் பீவி "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அலறிக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

"அப்ப இந்த வீட்டுல," நஜ்முன்னிசா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், "இன்னும் யாரெல்லாம் என்னென்ன குடுத்தீங்க?"

கடிகாரம் மட்டும்தான் துணிந்து சத்தம் போட்டது.

"சரி. வாயைத் திறக்காதவங்க எம் புள்ளையத் தொடக்கூடாது. யாரா இருந்தாலும் சரி." அவள் கண் யூனுஸைக் கடந்து போகையில் கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. "மத்தியான பஸ்ஸுல நான் மூவார்ல உம்மா வீட்டுக்குப் போறேன். பல்லு மொளைச்சு, அவளே மென்னு தின்னக் கத்துக்கிட்டப்புறம் எல்லாரும் வந்து பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய், குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, இடது கையால் பெட்டியை இழுத்தாள்.

யூனுஸ் லாத்தாவின் காதருகே குனிந்தான். "லாத்தா, புள்ளைக்குப் பல்லு எப்ப மொளைக்கும்?"

"உனக்கு ஒரு வயசு தாண்டித்தான் மொளைச்சுது. உம்மா பயந்தே போச்சு."

யூனுஸ் விரல் விட்டு எண்ணினான், இன்னும் ஏழு மாதத்துக்கு மேல்! ஒவ்வொரு சாயங்காலமும் கடையிலிருந்து வந்ததும் அவன் மல்லாந்து படுப்பான். சபூரா அவன் வயிற்றின் மேல் குப்புறப் படுப்பாள். சட்டையிலிருக்கும் சீரக வாசனைக்கு அவளுக்குத் தும்மல் வரும். தும்மிவிட்டு, தும்மினது யார் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவன் பகல் முழுவதும் மிளகை எடை போட்டான். அது மூவாருக்குப் போய்விடுமா?

சொன்னால்? சொன்னால் இன்னும் மோசம். லாத்தா தடவியது வட்டலப்பம். வழுக்கிக்கொண்டு போகிற பண்டம். இவன் வைத்தது கடலை. சொன்னவனைத் தொட விடுவாள்தான். ஆனால் பெற்ற மகளின் மூச்சை அடைத்தவனை?

ஒரே ஒரு வழி இருந்தது. அந்தப் பாதி கடலை நிஜமாகவே பலகை இடுக்கில் விழுந்திருந்தால், வீட்டுக்கு அடியில் கிடக்கும். கிடந்தால் அவன் நிரபராதி!

"லஞ்சாக்காரனைச் சமாதானம் பண்ணிட்டு வர்றேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். ரம்புத்தான் மரத்தடியில் வண்டியில் சாய்ந்திருந்த ஆ ஹோக்கை ஒரு கும்பிடோடு தாண்டினான். வீட்டின் பின்புறம் போய், மண்டியிட்டு, கைலியைச் சுருட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே நுழைந்தான்.

வீட்டுக்கடியில் ஒரே கோழி நாற்றம். மேலே பலகை இடுக்குகளிலிருந்து வெளிச்சம் கோடு கோடாக இறங்கியது. உள்ளறைக்கு நேர் கீழே வந்ததும் தரையைத் தடவினான். தடவிய கை இன்னொரு கையின் மேல் விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்றது அந்தக் கை.

"யாருடா அது?"

"நான்தான் மச்சான்." ஷரீஃபுதீன்! கெண்டியை இன்னும் விடவில்லை.

"இங்க என்னடா செய்யறே?"

"நீங்க என்ன செய்யறீங்க?"

"முட்டை," என்றான் யூனுஸ். "முட்டை தேடறேன்."

"இந்த நேரத்துலயா?"

"கோழி நேரம் பாத்தா முட்டை போடுது? நீ சொல்லு."

ஷரீஃபுதீன் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். பிறகு அழுகிற குரலில், "முறுக்கு மச்சான்," என்றான். "முந்தா நாள். ஒரு சின்னத் துண்டு, கடுகு அளவு இருக்கும். உதட்டுல வச்சேன், அப்புறம் காணோம். கீழ விழுந்திருந்தா நான் தப்பிச்சேன். இல்லாட்டி அக்கா என்னை உயிரோட தோலை உரிச்சு மிருதங்கத்துக்குக் கட்டிடும்."

யூனுஸுக்குச் சிரிப்பு வந்தது. இது சிரிக்கிற சமயமில்லை என்று தெரிந்ததும் இன்னும் வந்தது. "முந்தா நாள் முறுக்குடா! இந்நேரம் எறும்பு இழுத்துட்டுப் போய்ப் பேரன் பேத்தி எடுத்திருக்கும்." வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். மச்சான் சிரிப்பதைப் பார்த்து ஷரீஃபுதீனும் குலுங்கினான். கெண்டித் தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

அந்தச் சமயத்தில்தான் யூனுஸ் அதைப் பார்த்தான். வெளிச்சக் கோட்டுக்குள் வெள்ளையாக, சின்னதாக ஏதோ ஒன்று. கடலையா? கல்லா? கையை நீட்டினான். விரலுக்கும் அதற்கும் ஒரு சாண். அரைச் சாண்.

எங்கிருந்தோ பாய்ந்து வந்த பெட்டைக் கோழி அதை லபக்கென்று கொத்தி விழுங்கியது.

"பிடிடா அதை!"

யூனுஸ் பாய்ந்தான். கோழி கொக்கரித்தது. ஷரீஃபுதீன் குறுக்கே பாய்ந்து மச்சானின் காலைப் பிடித்தான். யூனுஸின் தலை மேலே உத்தரத்தில் மோதி, வீடே ஒரு தடவை "தொம்" என்றது.

மேலே காலடிச் சத்தம் நின்றது.

"கீழ யாரு?" நஜ்முன்னிசாவின் குரல்.

"கோழி!" என்றான் யூனுஸ்.

"பூனை!" என்றான் ஷரீஃபுதீன், அதே நொடியில்.

மேலே நஜ்முன்னிசா காலால் பலகையைத் தட்டினாள்.

"கோழியும் பூனையும் மேல வாங்க. முறுக்கு கதை எல்லாம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

மேலே போனபோது பெட்டி பாதி நிரம்பியிருந்தது. குழந்தை அழுகையை விட்டுவிட்டு, மாமன் தலையில் ஒட்டியிருந்த கோழி இறகை ஆர்வமாகப் பார்த்தது. நஜ்முன்னிசா தம்பியின் முகத்துக்கு நேரே மூடிய கையை நீட்டினாள். ஷரீஃபுதீன் கண்ணை மூடிக்கொண்டான்.

"முறுக்கு இல்ல."

ஷரீஃபுதீன் அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தான்.

"ஆலாமா, அப்ப என்னோடதுதான்!" மாக் தனம் மார்பில் அறைந்துகொண்டாள். "தேங்காப்பால் டோடோல், நஜ்மா! பொங்கலுக்குக் கிண்டினது. சட்டியில ஒட்டினதுல ஒரு சொட்டுத்தான். புடாக்கு, இந்தப் புள்ள, என் கரண்டியையே பாத்துச்சே, நான் என்ன செய்ய? செத்துப்போன என் தாத்தா பாட்டன் எல்லாம் படைச்சதைச் சாப்பிட வந்திருந்த நேரம். அவங்க முன்னாடி புள்ளைக்குக் கெம்புனான் வரலாமா?"

"டோடோல் இல்ல, மாக்."

"இல்லையா? நெஜமா இல்லையா?" மாக் தனத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கெபாயா முனையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு ரோஷன் பீவியைக் கட்டிக்கொண்டாள். குற்றம் நீங்கிய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் கிள்ளிச் சிரித்தார்கள்.

சன்னலில் ஒரு தலை முளைத்தது. ஆ ஹோக். ஓலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நோன்யா," என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டான் தயங்கித் தயங்கி. "சாயா ஜூகா. நானும்தான்."

கூடம் திகைத்தது.

"கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனேனே, அன்னிக்கு. நீங்க உள்ள சீட்டு வாங்கப் போனீங்க, தவுக்கே கையில புள்ள. தவுக்கே தூங்கிட்டாரு. புள்ள என் காப்பியைப் பாத்துச்சு. சுண்டு விரல்ல தொட்டு ஒரு சொட்டு." அவன் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "அது காப்பிதானா?"

"காப்பியை எப்படிடா நான் கையில பிடிச்சு வச்சிருப்பேன்!" என்றாள் நஜ்முன்னிசா.

அவ்வளவுதான். அணை உடைந்தது. ரோஷன் பீவி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். மாக் தனம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஷரீஃபுதீன் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் உருண்டான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமலே ஆ ஹோக்கும் சன்னல் கட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நஜ்முன்னிசாவின் உதடுகூட ஒரு பக்கம் நெளிந்தது. ஐந்து மாதத்தில் ஒரு குழந்தை வட்டலப்பம், முறுக்கு, டோடோல், காப்பி அத்தனையும் ருசி பார்த்துவிட்டதாம்! இந்த ஊரிலேயே கெம்புனான் கிட்டே வர முடியாத ஒரே பிறவி இவள்தான்!

சிரிக்காதவன் யூனுஸ் ஒருவன்.

வட்டலப்பம் இல்லை. முறுக்கு இல்லை. டோடோல் இல்லை. காப்பி இல்லை. ஒவ்வொரு "இல்ல"வுக்கும் ஒரு கதவு சாத்திக்கொண்டே வந்து, இப்போது கூடத்தில் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. அதில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"எந் தம்பி மட்டும்தான் ஒண்ணும் குடுக்கல," என்று ரோஷன் பீவி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "அவன் சொன்ன சொல்லை மீற மாட்டான். தங்கம்!"

தங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

நஜ்முன்னிசா அவனைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் செய்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. இடது கையால் சபூராவைத் தோளிலிருந்து இறக்கி, அவன் பக்கம் நீட்டினாள்.

"எல்லாரும் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் குடுக்கல. அப்புறம் என்னங்க? புள்ளைய வாங்கிக்கங்க."

சபூரா அவன் சட்டையைக் கண்டதும் இரண்டு கால்களையும் உதைத்தாள். தும்மத் தயாராக மூக்கைச் சுளித்தாள். யூனுஸின் கைகள் தாமாகவே முன்னால் போயின. வாங்கிக்கொண்டால் போதும். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டாலும் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை.

குழந்தையின் அக்குளுக்கு அருகில் போன விரல்கள் நின்றன. காலையில் கடலையைத் தேய்த்த விரல்கள்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கச்சாங்," என்றான்.

"என்னது?"

"கடலை, நஜ்மா. பாதி கடலை. இன்னிக்குக் காலையில. நான்தான். வாயில வைக்கலாம்னு இல்ல, உதட்டுல தேய்க்கத்தான்... வழுக்கிப் போச்சு. தேடினேன், கிடைக்கல. உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். செருப்பு மாட்டிக்கிட்டுக் கடைக்குக் கிளம்பிட்டேன்."

சிரிப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சன்னலில் ஆ ஹோக் தொப்பியைத் தலையில் வைத்தான், மறுபடி கழற்றினான்.

"மூவாருக்குப் போ," என்றான் யூனுஸ். "நான் தடுக்கல. பல்லு மொளைக்கற வரைக்கும் தொடவும் மாட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். புள்ளைக்கு மூச்சு நின்னப்ப நீ என்ன செஞ்சியோ அதை எனக்குச் சொல்லிக் குடு. எனக்குத் தெரியல நஜ்மா. எனக்கு ஓடத்தான் தெரிஞ்சுது. ஓடிப் போய், ஆள் இல்லாத வண்டியை இழுத்துக்கிட்டு வந்தேன். நான் இழுத்துட்டு வர்ற நேரத்துல..."

நஜ்முன்னிசா கணவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முழங்காலில் மண், தலையில் புடைத்த வீக்கம், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"உக்காருங்க," என்றாள்.

யூனுஸ் பாயில் உட்கார்ந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"இடது கையை நீட்டுங்க. தொடை மேல முட்டுக் குடுத்துக்கங்க. ஆங், அப்படித்தான்." சபூராவை அந்தக் கையின் மேல் குப்புறக் கிடத்தினாள். பூனைக்குட்டி மாதிரி சூடாக, கனமாக, அவன் மகள் அவன் முழங்கையில் வந்து படிந்தாள். "தலை தாழ்வா இருக்கணும். தாடையை உங்க விரல்ல தாங்கிக்கணும். கழுத்தை அமுக்கிடக் கூடாது. மத்தக் கையோட அடிப்பாகத்தால, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல... இங்க இல்லீங்க. தாடையை இப்படிப் பிடிங்க, கழுத்துக்கு வருது பாருங்க விரல்..."

ஒற்றைக் கையால் அவன் விரல்களைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, வலது கையைத் திறந்தாள்.

மாக் தனம் எட்டிப் பார்த்தாள். ரோஷன் பீவி எழுந்தே விட்டாள். ஆ ஹோக் சன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்தான்.

உள்ளே ஒன்றுமில்லை.

உள்ளங்கையில் நகங்கள் பதிந்த சிவப்புத் தடங்கள் மட்டும் இருந்தன. விரித்த விரல்கள் ஐந்தும் காற்றில் அகப்பட்ட இலைகளாக வெடவெடவென்று நடுங்கின.

"நஜ்மா!" ரோஷன் பீவி குனிந்து பார்த்தாள். "வாயிலேர்ந்து வந்தது எங்கே?"

"ஒண்ணும் வரல லாத்தா." அந்த நடுங்கும் கையாலேயே கணவனின் விரல்களை ஒவ்வொன்றாகக் குழந்தையின் தாடைக்குக் கீழே பொருத்தினாள். "கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. நிறுத்திப் பாத்தேன், நிக்கல. யாரும் பாத்துடக் கூடாதுன்னு பொத்திக்கிட்டேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு மாக் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க வட்டலப்பம்னு சொல்லிட்டீங்க. அப்புறம் வரிசையா எல்லாரும்..."

"அப்ப என் கடலை?" என்றான் யூனுஸ்.

"உங்க கடலையைக் கோழிகிட்ட கேளுங்க."

"அப்ப புள்ளைக்கு அடைச்சுது என்ன?"

நஜ்முன்னிசா குழந்தையின் முதுகைத் தடவினாள். சீரக வாசனைக்கு அது ஒரு தும்மல் போட்டது.

"சொன்னவங்கதான் இவளைத் தொடலாம்னு சட்டம் போட்டேன்ல," என்றாள் தலையைக் குனிந்தபடி. "அப்ப நானும் சொல்லித்தானே ஆகணும். பால் குடிக்கையில புரையேறிடுச்சு. அவ மூச்சை அடைச்சது என் பால்தாங்க."